பெட்ரோல் ஆவியும் எத்தனால் அளவும்: ஒரே சென்சாரை நம்பும் இரண்டு வேலைகள்

பங்கில் பெட்ரோல் போட்ட கையோடு சாவியைத் திருப்பினால் இன்ஜின் இழுத்து இழுத்துப் பிடிக்கிறது. காலையில், மாலையில், மற்ற எந்த நேரத்திலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இந்தப் புகாரோடு வரும் காரில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியையோ பெட்ரோல் பம்பையோ அல்ல, பர்ஜ் வால்வை. இன்ஜின் நின்றிருக்கும்போது மூடியிருக்க வேண்டிய மின்சாரத்தால் இயங்கும் அந்தச் சின்ன சோலினாய்டு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், டேங்க் நிரம்பும்போது தள்ளப்படும் ஆவி, அதைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவான கேனிஸ்டர் வழியாக, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நேரே போய் நிற்கும். அடுத்த ஸ்டார்ட்டில் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோல் ஆவி கூடிவிடுகிறது.

சாதாரண பெட்ரோல் காரில் கோளாறு இவ்வளவோடு முடியும். ஃப்ளெக்ஸ் ஃப்யூல் காரில் முடியாது. எந்த விகிதத்தில் எத்தனாலும் பெட்ரோலும் கலந்து ஊற்றினாலும் ஓடும் அந்த இன்ஜின், டேங்க்கில் இப்போது என்ன இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு இருக்கும் ஒரே சாட்சி சைலன்சர் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சார். கேனிஸ்டரிலிருந்து வரும் ஆவியின் விளைவும் அதே சென்சாரில்தான் தெரிகிறது. பெட்ரோல் நிரப்பியதும் கேனிஸ்டர் நிறைந்திருக்கும் நேரமும், புதிய கலவையை இன்ஜின் கற்றுக்கொள்ள வேண்டிய நேரமும் ஒன்றே. ஆவிக் கட்டுப்பாட்டையும் ஃப்ளெக்ஸ் ஃப்யூலையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் பிடிபடுவதில்லை. பழுதுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

ஆவி எங்கிருந்து வருகிறது

நின்றிருக்கும் வண்டியும் காற்றைக் கெடுக்கும். பகலில் டேங்க் சூடேறும்போது மேலே உள்ள ஆவி விரிந்து வெளியேறப் பார்க்கும். ஓடி வந்த வண்டியை அணைத்தபின் இன்ஜின் சூட்டில் ஒரு மணி நேரம் ஆவி கிளம்பும். ஹோஸ், சீல், பிளாஸ்டிக் டேங்க் ஆகியவற்றின் சுவர் வழியாக மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவி வெளியே வரும். நிரப்பும்போது உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு லிட்டர் ஆவியை வெளியே தள்ளும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அதில் லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான பெட்ரோல் போகிறது. 40 லிட்டர் போட்டால் 40, 50 கிராம்.

இதை அளக்க வண்டியை ஒரு மூடிய அறைக்குள் நிறுத்துகிறார்கள். ஐரோப்பாவில் 2019 வரை இருந்த முறையிலும் அதை ஒட்டிய இந்திய முறையிலும் முதலில் கேனிஸ்டரை பியூட்டேன் வாயுவால் நிரப்புவார்கள். 2 கிராம் மறுபக்கம் கசியும்வரை. பிறகு குறிப்பிட்ட முறையில் ஓட்டி அதைக் காலி செய்ய விடுவார்கள். அறைக்குள் ஒரு மணி நேரம் சூட்டோடு நிறுத்துவார்கள். அதன்பின் 24 மணி நேரம், அறை வெப்பம் 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறி மறுபடி இறங்கும். இத்தனைக்கும் சேர்த்துக் காருக்கு அனுமதி 2 கிராம். பிஎஸ்6 என்ற மாசு விதி வந்தபின் இரு சக்கர வண்டிக்கு 1.5 கிராம். மே மாதத்துச் சென்னையில் வெயிலில் நிற்கும் டேங்க் 35 டிகிரியோடு நிற்பதில்லை. சோதனையில் தேறிய கேனிஸ்டர் இங்கே அதைவிடக் கடுமையான வேலை செய்கிறது என்பதை மனதில் வைத்தே பராமரிக்க வேண்டும்.

கேனிஸ்டர் என்பது ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. மூன்று வாய்கள்: ஒன்று டேங்க்குக்கு, ஒன்று பர்ஜ் வால்வு வழியாக இன்ஜினுக்கு, மூன்றாவது வெளிக்காற்றுக்கு. டேங்க்கிலிருந்து வரும் ஆவி கரியில் ஒட்டிக்கொள்ள, சுத்தமான காற்று மட்டும் மூன்றாவது வாய் வழியே வெளியேறும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்தால் வெளிக்காற்று அதே வாய் வழியே எதிர்த்திசையில் நுழைந்து, ஒட்டியிருந்த ஆவியை உரித்துக்கொண்டு இன்ஜினுக்குப் போய் எரியும்.

இந்த ‘உரித்தல்’ எளிதாக நடப்பதுதான் கரிக்கு இருக்க வேண்டிய முக்கியமான குணம். காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களிலும் இலங்கையிலும் கொட்டாங்குச்சிக் கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் தயாராகி உலகமெங்கும் போகிறது. குடிநீர் வடிகட்டிக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் அது அருமையான சரக்கு. அதன் துளைகள் மிக நுண்ணியவை. பிடித்ததை எளிதில் விடாது. கார் கேனிஸ்டருக்கோ விட்டுக்கொடுக்கிற கரி வேண்டும். சூடாக்காமல், சாதாரணக் காற்றை ஓட்டியே காலி செய்தாக வேண்டும் என்பதால், மரத்தூளை பாஸ்பாரிக் அமிலத்தோடு சுட்டெடுத்த, சற்றே அகன்ற துளைகள் கொண்ட கரியே இங்கு அதிகம் பயன்படுகிறது. நல்ல ரகம் 100 மில்லி லிட்டர் கரிக்கு 11 முதல் 15 கிராம் வரை பியூட்டேனைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும்.

எத்தனால் சேர்ந்தால் ஆவி கூடுமா, குறையுமா

இரண்டும் நடக்கும். எத்தனாலின் ஆவியழுத்தம் 37.8 டிகிரியில் சுமார் 16 கிலோபாஸ்கல்தான். பெட்ரோலுக்கு அது 60 அளவில் இருக்கும். குறைந்த ஆவியழுத்தம் உள்ளதைக் கலந்தால் மொத்தமும் குறைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் தனி எத்தனாலில் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்திருக்கின்றன. பெட்ரோலுக்குள் சிறிதளவு கலக்கும்போது ஒவ்வொன்றும் தனித்துப் போய், அந்தப் பிடி விட்டு, சட்டென்று ஆவியாகின்றன. அதனால் 5 முதல் 10 சதவீதக் கலவையில் ஆவியழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல் ஏறி உச்சம் தொடுகிறது. 20 சதவீதத்தில் மெல்ல இறங்கத் தொடங்கி, 85 சதவீதத்தில் பெட்ரோலைவிட வெகு கீழே போய்விடுகிறது.

ஆக, ஃப்ளெக்ஸ் காரின் கேனிஸ்டர் அளவைத் தீர்மானிப்பது எத்தனால் அல்ல, பெட்ரோல் பக்கம்தான். அமெரிக்காவில் இ85 (85 சதவீதம் எத்தனால்) இருக்கும் டேங்க்கில் எத்தனால் இல்லாத பெட்ரோலை மறுபடி மறுபடி நிரப்பினால் கலவை ஒரு கட்டத்தில் அந்த 10 சதவீத உச்சத்தின் அருகே வந்துவிடும். பிரேசிலில் பங்கில் கிடைக்கும் பெட்ரோலிலேயே எத்தனால் 27 சதவீதம், 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதம். அங்கே எப்படிக் கலந்தாலும் உச்சத்தைத் தாண்டிய பக்கமே இருப்பார்கள். இந்தியாவில் இ20க்கு மேல் இ85 போட்டாலும் அப்படித்தான்.

ஊடுருவல் விஷயத்தில் நிலைமை தலைகீழ். எத்தனால் ரப்பரைச் சற்றே உப்பச் செய்து, தன்னோடு பெட்ரோல் மூலக்கூறுகளுக்கும் வழி திறந்துவிடும். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹோஸும் ஓ-ரிங்கும் இதற்குத் தாங்காது. ஃப்ளோரோ ரப்பர் சீல், உட்புறம் தடுப்பு அடுக்குள்ள பிளாஸ்டிக் குழாய், பல அடுக்கு டேங்க் என்று மாற வேண்டும். பழைய வண்டியில் இ20 போட்டபின் டேங்க் பக்கம் பெட்ரோல் வாசம் வந்தால் கேனிஸ்டரைக் குறை சொல்லும்முன் ஹோஸ்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மூடிய பெட்ரோல் டேங்க்கின் மேற்புற ஆவி மிக அடர்த்தி. நம் ஊர் வெப்பத்தில் தீப்பொறி பட்டாலும் எரியப் போதுமான காற்று உள்ளே இருக்காது. தனி எத்தனால் டேங்க்கில் சுமார் 13 டிகிரி முதல் 42 டிகிரி வரை அந்த ஆவி-காற்றுக் கலவை பற்றிக்கொள்ளும் எல்லைக்குள் இருக்கிறது. எத்தனால் போடும் வண்டியின் டேங்க்கில் பம்ப் வயரிங்கைக் கண்டபடி ஒட்டுப்போடுவது பெட்ரோல் வண்டியில் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

டேங்க்கில் என்ன இருக்கிறது என்று இன்ஜின் கண்டுபிடிக்கும் விதம்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.6 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு 13.4, இ85க்கு 9.8. பிரேசிலில் பங்கிலேயே விற்கும் நீர் கலந்த எத்தனாலுக்கு 8.4 அளவில் வரும். அதாவது அங்கே பெட்ரோலிலிருந்து எத்தனாலுக்கு மாறும் கார் அதே காற்றுக்கு ஒன்றரை மடங்கு எரிபொருளைத் தெளிக்க வேண்டும். சாதாரண காரின் ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துச் செய்யும் திருத்தத்துக்கு வழக்கமாக 25 சதவீதம் அளவில் எல்லை உண்டு. இ10க்கு அமைத்த வண்டியில் இ20 ஊற்றினால் 4, 5 சதவீதத் திருத்தம், அது அடங்கிவிடும். இ85 ஊற்றினால் 40 சதவீதத்துக்கு மேல். எல்லை முட்டி, எரிபொருள் போதவில்லை என்பதற்கான பி0171 என்ற பிழைக் குறியீட்டோடு விளக்கு எரியும். ஃப்ளெக்ஸ் என்பதற்குப் பெரிய இன்ஜெக்டரும், அதிகம் தள்ளும் பம்பும், அகன்ற எல்லையில் கற்கும் மென்பொருளும் சேர்ந்தே வேண்டும்.

கண்டுபிடிக்க வழி இரண்டு. முதலாவது, எரிபொருள் குழாயிலேயே சென்சார் வைப்பது. மின்காப்பு மாறிலி பெட்ரோலுக்குச் சுமார் 2, எத்தனாலுக்கு 24. இந்த வேறுபாட்டைக் கொண்டு மின்கொள்ளளவை அளந்து, அதிர்வெண்ணாக அனுப்பும்: 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் இல்லை, 150 என்றால் முழு எத்தனால். 100 ஹெர்ட்ஸ் படித்தால் இ50. அதே சிக்னலின் துடிப்பு அகலத்தில் எரிபொருளின் வெப்பநிலையும் வரும். நம்பகமான உறுப்பு, ஆனால் தண்ணீரின் மாறிலி 80 என்பதால் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் கூடியதாகக் காட்டும்.

இரண்டாவது வழியைப் பெரும் அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது பிரேசில். 1975இல் எத்தனால் திட்டம் தொடங்கி, 1979இல் எத்தனாலில் மட்டும் ஓடும் ஃபியட் 147 வந்தது. பின்னால் எத்தனால் தட்டுப்பாடு வந்தபோது அத்தகைய கார்களை வாங்கியவர்கள் பட்ட பாடுதான் இரண்டும் போடக்கூடிய கார் வேண்டும் என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தது. 2003 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ் வந்தபோது அதில் தனி எத்தனால் சென்சார் இல்லை. ஆக்சிஜன் சென்சார் கேட்கும் திருத்தத்திலிருந்தே எத்தனால் அளவைக் கணக்கிட்டார்கள். விலை குறைந்தது, பிரச்சினையும் கூடவே வந்தது.

அந்தக் கணக்கு இப்படி நடக்கும். மிதவை சென்சார் டேங்க் மட்டம் ஏறியதைச் சொன்னதும் ஈசியூ கற்றல் நிலைக்குப் போகும். பர்ஜ் வால்வை மூடும். குழாயில் மீதமிருக்கும் பழைய எரிபொருள் தீரும்வரை காத்திருக்கும். பிறகு சென்சார் ‘காற்று மிகுதி’ என்றால் தெளிப்பைக் கூட்டி, எத்தனால் கூடியதாகக் குறித்துக்கொள்ளும். ‘எரிபொருள் மிகுதி’ என்றால் எத்தனால் குறைந்ததாக. மதிப்பு நிலைத்தபின்தான் பர்ஜ் வால்வைத் திறக்கும்.

மூட வேண்டிய அவசியத்தைக் கணக்கே சொல்லும். 1.2 லிட்டர் இன்ஜின் ஐட்லிங்கில் நொடிக்குச் சுமார் 2 கிராம் காற்றை இழுக்கிறது. பெட்ரோல் தேவை 0.14 கிராம். நிறைந்த கேனிஸ்டர் வழியே நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் வரும் காற்றில் 30 சதவீதம் ஆவி என்று வைத்தால் அதிலேயே நொடிக்கு 0.12 கிராம் வந்துவிடும். இன்ஜெக்டருக்கு வேலையே இல்லை. அவ்வளவு வேண்டாம், முழு எத்தனாலில் ஓடும்போது தேவையில் 10 சதவீதம் மட்டும் கேனிஸ்டரிலிருந்து ரகசியமாக வந்தால்கூட, ஈசியூ அதை இ80 அளவில் என்று தவறாகப் படிக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தவறு தெரியாது, சென்சார் சரிக்கட்டிவிடும். மறுநாள் காலைதான் தெரியும். குளிர் ஸ்டார்ட்டில் ஆக்சிஜன் சென்சார் வேலை செய்யாது. ஈசியூ நினைவில் உள்ள எத்தனால் அளவை நம்பித்தான் தெளிக்கும். எத்தனாலைக் குறைவாக நினைத்தால் தெளிப்பு போதாது, ஸ்டார்ட் ஆகாது. எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கெட்டது. வாக்குவம் லீக், அடைத்த ஃபில்டர், தளர்ந்த பம்ப் இவற்றால் ‘காற்று மிகுதி’ வந்தால் ஈசியூ எத்தனால் கூடிவிட்டதாக நம்பும். தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் எத்தனாலுக்கு 108 அளவில் இருப்பதால் தீப்பொறியை முன்தள்ளும். டேங்க்கில் இருப்பதோ பெட்ரோல். ஏற்றத்தில் இன்ஜின் தட்டத் தொடங்கும்.

கேனிஸ்டரை மூடிவைத்தாலும் இன்னொரு திருட்டு வழி இருக்கிறது. குளிர் ஸ்டார்ட்டில் மிகையாகத் தெளித்த எத்தனால் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. பெட்ரோல் பல கொதிநிலைகள் கொண்ட கலவை, மெல்ல மெல்ல ஆவியாகும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும் ஒற்றைப் பொருள். ஆயில் சூடேறி அந்த வெப்பத்தை நெருங்கும்போது சேர்ந்ததெல்லாம் ஒரு சில நிமிடங்களில் கிளம்பி, கிராங்க்கேஸ் குழாய் வழியே இன்டேக்கில் கொட்டும். அந்த நிமிடங்களில் கற்றதைச் செல்லாது என்று ஒதுக்கும் அளவுக்கு மென்பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறுகிய தூரம் மட்டும் ஓடும் ஃப்ளெக்ஸ் வண்டியில் ஆயில் சூடேறவே இடமில்லாததால் எத்தனால் சேர்ந்துகொண்டே போகும். அத்தகைய வண்டிக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது வீண் செலவல்ல.

குளிர் ஸ்டார்ட்டுக்காக பிரேசில் கார்களில் பானட்டுக்குள் தனியே ஒரு சின்னப் பெட்ரோல் டப்பா இருந்தது. 15 டிகிரிக்குக் கீழே எத்தனால் போதிய ஆவி தராது. அப்போது அந்தப் பெட்ரோலைத் தெளித்துக் கிளப்புவார்கள். வெயில் காலம் முழுக்க பயன்படாமல் கிடந்த பெட்ரோல் பிசினாகி வால்வை அடைக்கும், டப்பாவும் தன் பங்குக்கு ஆவி விடும். 2009இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ இ-ஃப்ளெக்ஸ் அதை ஒழித்து, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயில் குழாயிலேயே எத்தனாலைச் சூடாக்கித் தெளித்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் எல்-7 விதி ஆவி அளவைச் சோதனைக்கு 0.5 கிராமாகக் குறைத்தது. நிரப்பும்போது வரும் ஆவியையும் வண்டியே பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை 2023 முதல் 2025க்குள் படிப்படியாக எல்லாப் புதிய கார்களுக்கும் வந்தது. கேனிஸ்டர் பெரிதாகிறது, நிரப்பிய உடனே முழுக்க நிறைகிறது, இ30 ஊற்றினாலும் எத்தனால் ஊற்றினாலும் கற்றலுக்காகச் சிறிது நேரம் அதைத் தொடவும் முடியாது. இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான்.

இந்தியச் சாலையில்

இங்கே 2023 பிப்ரவரியில் தொடங்கிய இ20 விற்பனை இப்போது பொதுவாகிவிட்டது. ஓசூரில் இயங்கும் டிவிஎஸ் 2019 ஜூலையிலேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்டிஆர் 200ஐக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா சிபி300எஃப் ஃப்ளெக்ஸ் ஃப்யூல் வந்தது. நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இந்த வண்டிகளுக்குச் சிக்கலானது: நூறு ரூபாய்க்குப் போடுவது. ஒரு லிட்டர் ஏறியதை மிதவை சென்சார் மதிக்காமல் போகலாம், கற்றல் தொடங்காது. எரிபொருள் வகையை மாற்றும்போது தாராளமாகப் போட்டு, உடனே எட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அணைப்பது நல்லது. பங்கிலிருந்து தெருமுனை வீட்டுக்கு வந்து அணைத்தால் காலையில் சிரமம்தான்.

இன்னொரு பழக்கம், நாசில் ‘டக்’கென்று நின்றபின் ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் அழுத்துவது. டேங்க்கில் ஆவிக்கு விட்ட இடம் நிரம்பி, திரவப் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போகும். நனைந்த கரி நொறுங்கித் தூளாகிப் பர்ஜ் வால்வின் இருக்கையில் படியும். கட்டுரைத் தொடக்கத்தில் சொன்ன, மூடாத வால்வு பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

சோதிப்பது எளிது. வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் ‘கிளிக்’ சத்தத்தோடு போக வேண்டும். ஹோஸைத் தட்டினால் கரித்தூள் விழுந்தால் வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை, கேனிஸ்டரும் போய்விட்டது. டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே ‘உஸ்’ என்று இழுபட்டால் வெளிக்காற்று வாய் அடைத்திருக்கிறது. சேறோ குளவிக்கூடோ காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் 2011இல் மஸ்தா6 கார்களைத் திரும்ப அழைத்ததே அந்தக் குழாயில் ஒருவகைச் சிலந்தி வலை பின்னியதால்தான். அடைப்பால் டேங்க்குக்குள் வெற்றிடம் கூடி விரிசல் விட வாய்ப்பிருந்தது. அமெரிக்க கார்களில் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூட ஈசியூ தேடிச் சொல்லும். ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் நம் கார்களில் பர்ஜ் வால்வின் மின்சுற்றைத்தான் அது கண்காணிக்கிறது. ஹோஸ் கழன்று தொங்கினாலும் விளக்கு எரியாமல் போகலாம், கண்ணால்தான் பார்க்க வேண்டும். மைலேஜ் கூடும் என்று கேனிஸ்டரைக் கழற்றி ஹோஸை மடக்கிக் கட்டுவது தவறு. மைலேஜும் கூடாது, டேங்க்கும் மூச்சு முட்டும்.

ஃப்ளெக்ஸ் வண்டியில் வால்வை மாற்றியபின் பழைய தவறான எத்தனால் மதிப்பு ஈசியூவில் தங்கியிருக்கும். அதை அழித்துச் சரியான மதிப்பை ஸ்கேனர் மூலம் கொடுக்க, டேங்க்கில் எத்தனால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பிரேசில் பங்குகளில் பெட்ரோலுக்குச் செய்யும் சோதனையே போதும். 100 மில்லி அளவு கண்ணாடிக் குழாயில் 50 மில்லி பெட்ரோல், அதன்மேல் 10 சதவீத உப்புத் தண்ணீர் 50 மில்லி. மூடிப் பத்து முறை தலைகீழாகத் திருப்பிப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால், எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கீழ் அடுக்கு 50ஐத் தாண்டி எத்தனை மில்லி ஏறியதோ அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 59.5இல் நின்றால் இ20, 64.5இல் நின்றால் இ30. திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள்.